கமராவுக்குக் காசு கேட்ட வீடியோ: எங்கட வீட்டில நடந்தது

இத எழுதட்டோ எண்டு அக்காட்ட கேட்டனான். கொஞ்ச நேரம் ஒண்டும் பேசாம மாப் பிசைஞ்சு கொண்டிருந்துட்டு, "பேரப் போடாத, மிச்சத்த உள்ளபடி எழுது" எண்டா. அதால ஆக்களின்ர பேர் ஒண்டும் இதில இல்ல, அந்த யூரியூப் சனலின்ர பேரும் இல்ல. மிச்சமெல்லாம் நடந்தபடி. காசுக் கணக்கு முழுக்க என்ர கொப்பியில இருக்கு, ஏன் எண்டா வந்த காசுக்குக் கணக்கு வைக்கச் சொல்லி பெடியன் என்னட்டத்தான் தந்தவன்.

நான் திருகோணமலையில திருக்கடலூர்ப் பக்கம் வீட்டிலயே தையல் தைக்கிறனான். 11 வருசமா சீட்டும் பிடிக்கிறன். அதால காசு கேக்கிற ஆக்கள், குடுக்கிற ஆக்கள், ஏமாத்துற ஆக்கள் எண்டு எல்லாரையும் கொஞ்சம் பாத்திருக்கிறன். பாத்திருந்தும் இந்த விசயத்தில நானும் பிழை விட்டனான், அதையும் எழுதத்தான் போறன்.

அக்கா இடியப்பம் அவிச்சு ரெண்டு கடைக்குக் குடுக்கிறவ. ஒரு நாளைக்கு 250, 300 போகும். விடிய மூண்டு மணிக்கு எழும்புவா. அத்தான் 2016ல நெஞ்சு வருத்தத்தில போயிட்டார். மூத்தவள் ஒரு கடையில கணக்கு எழுதுறாள், அடுத்தவன்தான் இந்தக் கதையில வாற பெடியன், அப்ப அவனுக்கு 22 வயசு. ஏ எல் எடுத்துட்டு மாமாவின்ர போட்டில தொழிலுக்குப் போனான், இடைக்கிடை டவுனில ஒரு ஸ்டூடியோவில லைட் பிடிக்கவும் போவான். 2022ல மண்ணெண்ணெய்க்கு எங்கட ஆக்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும், கானோட நாள்க்கணக்கில லைனில நிண்டு போட் எல்லாம் கரையில கிடந்தது, பிறகு ஓகஸ்ட் மாசம் லீற்றர் 87 ரூவாயில இருந்து ஒரே பாய்ச்சலா 340க்குப் போனோடன மாமா போட்ட வித்துட்டார், இவன் முழுநேரமா அந்த ஸ்டூடியோவுக்கே லைட் பிடிக்கப் போனான்.

அங்கதான் ஆசை பிடிச்சது. கலியாண வீடு, சாமத்திய வீடு எண்டு போற இடமெல்லாம் முதலாளியின்ர கமராவ ரெண்டு நிமிசம் வாங்கிப் பாப்பான். கை நல்ல கை. கோட்டைக்குள்ள மான் நிக்கிறத விடிய வெளிச்சத்தில அவன் எடுத்த ஒரு படத்த நான் இப்பவும் தையல் மெசினுக்கு மேல ஒட்டி வச்சிருக்கிறன். அதுவும் போனில எடுத்ததுதான். சொந்தமா ஒரு கமரா வேணும், நல்ல சோனி ஒண்டு, பாவிச்சதெண்டாலும் பரவால்ல, லென்ஸோட. இதுதான் அவன்ர ஆசை.

ஆசை எண்ட சொல்ல நான் வேணுமெண்டுதான் போடுறன். கமரா இல்லாட்டி அவன் பட்டினி கிடக்கப் போறதில்ல, ஸ்டூடியோவில நாளுக்கு 3,500, பெரிய விசேசம் எண்டா 5,000 குடுத்தவங்க. ஒரு பெடியன் தனக்கெண்டு ஒரு பொருளுக்கு ஆசைப்படுறது குற்றமில்ல. அத ஆசை எண்டே சொல்லியிருந்தா இந்தக் கதை வேற மாதிரிப் போயிருக்கும்.

அவன் உழைக்கப் பாக்கேல்ல எண்டும் சொல்லேலாது. ஒரு வருசத்தில 85,000 சேத்தவன். ஆனா விலை அவன விட வேகமா ஓடிச்சு. 2022 மார்ச் தொடக்கத்தில 200 ரூவாயளவில நிண்ட டொலர் மே மாசம் 360ஐத் தாண்டிட்டு, சாமான் இறக்கவும் கட்டுப்பாடு, அவன் பாத்து வச்ச கமரா ரெண்டு லட்சத்து நாப்பதாயிரத்தில இருந்து நாலு லட்சத்துக்கு மேல போயிட்டு. "சித்தி, நான் சேக்கச் சேக்க அது தூரப் போகுது" எண்டு ஒரு நாள் என்ர வாசல்ல இருந்து சொன்னான். அந்த முகத்த நான் மறக்கேல்ல. உழைச்சு வாங்கு எண்டு சொல்லுறது லேசு, கைக்கு வாற காசின்ர பெறுமதி அரைவாசியாப் போன ஒரு பெடியனுக்கு அதச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல.

இந்த நேரத்திலதான் அந்தக் கூட்டாளி வந்தான், ஸ்கூல்ல ஒண்டாப் படிச்சவன், உதவி வீடியோ போடுற சனல் ஒண்டு வச்சிருந்தவன். வடக்குக் கிழக்கில இருக்கிற ஆக்களுக்கு இத விளங்கப்படுத்தத் தேவையில்ல. கமராவோட ஒரு வீட்டுக்குப் போறது, குசினியக் காட்டுறது, அம்மாட்ட மைக்க நீட்டுறது, கடைசியில எக்கவுண்ட் நம்பரப் போடுறது. கனடா, லண்டன், சுவிஸில இருக்கிற எங்கட ஆக்கள் பாத்துட்டு அனுப்புவினம். வெளிநாடுகளில இன்டர்நெட்டில சனத்திட்டக் காசு சேக்கிற கோஃபண்ட்மீ மாதிரி இருக்கிறதுகள்ல இலங்கை பேங்க் எக்கவுண்டுக்கு நேர காசு எடுக்கேலாது, அதால இங்க வீடியோவும் எக்கவுண்ட் நம்பரும்தான் வழி. இடையில காச வச்சுப் பாத்து விடுறதுக்கு ஒரு ஆள் இல்ல, கேள்வி கேக்க ஒரு ஆள் இல்ல, பிழை எண்டா திருப்பி எடுக்க வழியும் இல்ல.

இந்த வழியில உண்மையா உயிர் தப்பின ஆக்கள எனக்குத் தெரியும். கிட்னி போன பிள்ளைக்கு ஒப்பரேசன் காசு வந்திருக்கு. சுனாமிக்குப் பிறகு முன்பின் தெரியாத ஆக்கள் அனுப்பின சட்டையத்தான் நானும் உடுத்தனான், 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கட கரையில யார்தான் கை நீட்டேல்ல. கை நீட்டுறது மானக்கேடு எண்டு சொல்லுற சாதியில்ல நான்.

வீடியோ எடுத்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டாளி முதல்லயே சொல்லிட்டான், "மச்சான், கமரா வேணும் எண்டு கேட்டா ஒரு சதமும் வராது, அம்மாவக் காட்டு" எண்டு. நான் இதுக்குள்ள கனக்க நேரம் நிண்டு யோசிச்ச வசனம் இதுதான். அவன் பொய் சொல்லேல்ல, தொழில் தெரிஞ்சவன் சொன்னது. ஆசைக்கு ஒருத்தரும் அனுப்பமாட்டினம், துன்பத்துக்குத்தான் அனுப்புவினம், அப்ப ஆசையத் துன்பமா மாத்த வேணும். மாத்துறதுக்கு ஆருடைய துன்பத்த எடுக்கிறது? பெடியனிட்ட எடுக்க ஒண்டும் இல்ல, நல்ல சேட் போட்ட, தலைக்கு ஜெல் வைக்கிற 22 வயசுப் பெடியன். அதால அம்மா.

அந்தக் கிழமை குசினிக்குப் புதுத் தகரம் போடுறதுக்காகப் பழையதக் கழட்டி வச்சிருந்தது. ரெண்டு நாளில போட்டு முடிஞ்ச வேலை. ஆனா வீடியோவில அது கூரை இல்லாத குசினி. புதுத் தகரம் பின்வேலியில சாத்தியிருந்தது, அந்தப் பக்கம் கமரா திரும்பேல்ல. அத்தான்ர படத்துக்குக் கிட்டப் போய் மெல்ல எடுத்தாங்க. அக்காவ அடுப்படியில இருத்தி, ஈர விறகு, புகை, அவவுக்கு எப்பவும் புகைக்குக் கண் கலங்கும், எனக்குச் சின்ன வயசில இருந்து தெரியும், மண்ணெண்ணெய் லாம்புக்கே கலங்கிற கண். அந்தக் கண்ண கிட்டவாக் கொண்டுபோய் எடுத்துப்போட்டு, பின்னால வயலின் பாட்டுப் போட்டு விட்டாங்க. பாத்த ஆக்கள் எல்லாருக்கும் அவ அழுதாதான். கீழ எழுதினவ எல்லாம் "அம்மா அழாதேங்கோ".

இப்ப என்ர பங்கு. அக்கா அண்டைக்கு கமரா வருது எண்டு நல்ல சாறி ஒண்டு உடுத்து, தலைக்கு எண்ணெய் வச்சு, பொட்டும் வச்சுக் கொண்டுதான் வந்து இருந்தவ. பாத்தோடன "இதக் கட்டிக் கொண்டிருந்தா ஆர் தருவினம், போய் வீட்டுச் சட்டையப் போட்டுக்கொண்டு வா" எண்டு சொன்னது கூட்டாளி இல்ல, மகன் இல்ல. நான். அவ ஒண்டும் சொல்லாம உள்ளுக்குப் போய் மாத்திக்கொண்டு வந்தவ. மாப் பட்ட பழைய சட்டை. இத நான் ரெண்டு வருசமா நெஞ்சில வச்சுக் கொண்டு திரியிறன்.

வீடியோவில மகனின்ர தொழிலுக்கு உதவி எண்டு ஒரு வசனம் வரும், கமரா எண்ட சொல் வராது.

11 நாளில 37 பேர் போட்டது 6 லட்சத்து 12,000 ரூவா. ஆகக் கூடினது சுவிஸில இருந்து ஒருத்தர் போட்ட ஒண்டரை லட்சம், ஆகக் குறைஞ்சது 1,500, அது வெளிநாடு இல்ல, இங்க மலையகத்தில இருந்து ஒரு ஆள் போட்டது. அந்த 1,500ப் பாத்த நேரம் எனக்கு வயித்துக்குள்ள என்னவோ செய்தது. கூட்டாளிக்கு "பெற்றோல் செலவு" எண்டு 60,000. கமரா லென்ஸோட 4 லட்சத்து 65,000. தகரக் கூலி மிச்சம் 22,000. மூத்தவளுக்கு ஒரு போன் 38,000. 27,000 எக்கவுண்டில கிடந்தது. கூட்டிப் பாருங்கோ, சரியா வரும். கணக்கில ஒரு சதம் பிசகில்ல.

பிறகுதான் ஒவ்வொண்டா வரத் தொடங்கிச்சு. முதல்ல போன். குடுத்த ஆக்கள் கூப்பிடுவினம், கனடாவில மத்தியானம் எண்டா எங்களுக்கு இரவு பத்துப் பதினொண்டு, மூண்டு மணிக்கு எழும்பிற மனிசி படுத்திருக்க, "அம்மாவக் காட்டுங்கோ தம்பி" எண்டு வீடியோ கோல். அவ எழும்பி இருந்து "நல்லா இருங்கோ பிள்ளையள்" எண்டு சொல்லுவா. ஒருத்தர் பின்னால தெரிஞ்ச பிரிட்ஜக் கண்டுட்டு, "பிரிட்ஜ் இருக்கே?" எண்டார். அத்தான் இருக்கேக்க வாங்கின பிரிட்ஜ், கதவு ரப்பரும் போனது. அதுக்கு அக்கா விளக்கம் சொல்லிக்கொண்டு நிக்கிறா. தன்ர வீட்டில தன்ர பிரிட்ஜுக்கு.

லண்டனில ஒரு வயசான அம்மா, அவ 10,000 போட்டவ. மாசம் ரெண்டு தரம் எடுப்பா. காசப் பத்தி ஒரு நாளும் கேக்கமாட்டா. தன்ர பிள்ளையள் தமிழில கதைக்காதுகள் எண்டுறதயும், இங்க இருக்கேக்க டச்பேயில கால் நனைச்சதயும்தான் சொல்லுவா. குடுக்கிற ஆக்கள எல்லாரையும் ஒரே மாதிரிக் குறை சொல்ல என்னால ஏலாததுக்கு இந்த அம்மா ஒரு காரணம். அவவுக்கு எங்கட அக்கா ஒரு சொந்தமாப் போயிட்டா. அந்தச் சொந்தம் ஒரு புகைப்பிடிச்ச பொய்யில தொடங்கினது, அது அவவுக்குத் தெரியாது.

ஓகஸ்டில பெடியன் கூட்டாளிமாரோட மார்பிள் பீச்சுக்குப் போய் ஒரு படம் போட்டான். கழுத்தில கமரா, சிரிச்சுக்கொண்டு நிக்கிறான். ரெண்டு மணித்தியாலத்தில கீழ எழுதத் தொடங்கிட்டாங்க, எங்கட காசில சுத்துறியா, கூரையில்லாத அம்மாவ விட்டுட்டு பீச்சோ, கமராவோ வாங்கினாய். அவன் எழுத்த அழிச்சான், படத்த அழிச்சான், பிறகு எக்கவுண்டையே மூடினான். ஒரு பெடியன் கடலில குளிக்கிறதுக்கு 37 பேரிட்ட அனுமதி எடுக்க வேண்டிய நிலமை. அவையில பிழை எண்டு எனக்குச் சொல்ல வரேல்ல, அவைக்குக் காட்டினது ஒண்டு, அவை காச அனுப்பினது அதுக்குத்தான்.

கடைக்காரர் ஒருத்தர் இடியப்ப விலைய ரெண்டு ரூவாயால கூட்டக் கேட்ட நேரம் "உங்களுக்குத்தான் வெளிநாட்டுக் காசு வருதே அக்கா" எண்டார். அரசாங்கம் கஸ்டப்பட்ட ஆக்களுக்குக் காசு குடுக்கிற அஸ்வெசுமப் பட்டியல்ல அக்காவின்ர பேர் வந்ததுக்கு ஆரோ ஆட்சேபனை போட்டாங்க. அதுகூட பரவால்ல எண்டு வையுங்கோ.

ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போனனாங்கள். அக்கா எண்டைக்கும் வாசல்ல இருக்கிற ஆக்களுக்குப் போட எண்டு சில்லறை மாத்தித் தாவணிமுடிச்சுப் போல கைலேஞ்சியில முடிஞ்சு கொண்டு வருவா, சின்ன வயசில இருந்து அந்தப் பழக்கம், அம்மாட்ட இருந்து வந்தது. கும்பிட்டுட்டு வெளிய வர, நல்லா உடுத்த ஒரு பொம்பிள, வெளியூர் ஆக்கள் போல, கிட்ட வந்து "நீங்க வீடியோல வந்த அம்மாதானே" எண்டு கேட்டுட்டு, அக்காவின்ர கையப் பிடிச்சு ஒரு 500 ரூவாத் தாள உள்ளங்கையில வச்சு மூடி விட்டுட்டுப் போயிட்டா. நல்ல மனசோட செய்தது. அக்கா மறுகையில அந்தக் கைலேஞ்சியோட அப்பிடியே நிக்கிறா. ரெண்டு கையும் நிறையக் காசு, எந்தக் கையால என்ன செய்யிறதெண்டு தெரியாம நிண்டா. ஆட்டோவில வரேக்க ஒரு சொல் கதைக்கேல்ல. அண்டைக்குத்தான் பெடியன் என்னட்ட வந்து "சித்தி, இத எப்பிடி நிப்பாட்டுறது" எண்டு கேட்டான்.

என்ர மகள் இதுக்குப் பிறகு வெளிநாட்டில இப்பிடி நடந்ததுகளத் தேடித் தேடி எனக்கு வாசிச்சுக் காட்டினவ. 2002ல அமெரிக்காவில ஒரு இளம் பொம்பிள, கிரெடிட் காட்டில 20,000 டொலர் கடன், எல்லாம் உடுப்பும் சப்பாத்தும் கைப்பையும் வாங்கினது. வேலையும் போயிட்டு. அவ இன்டர்நெட்டில உள்ளத உள்ளபடி எழுதினவவாம், கடைகடையாத் திரிஞ்சு கடன்பட்டிட்டன், ஆளுக்கு ஒரு டொலர் தாங்கோ எண்டு. 20 கிழமையில கடன் முடிஞ்சுது, அதில 13,000 டொலரளவு முன்பின் தெரியாத ஆக்கள் குடுத்தது, மிச்சம் தன்ர சாமான வித்தும் செலவக் குறைச்சும் கட்டினது. 2014ல ஒஹாயோவில ஒரு பெடியன் உருளைக்கிழங்கு சலட் செய்யப் போறன், 10 டொலர் தாங்கோ எண்டு கேட்டானாம், 6,911 பேர் சேந்து 55,492 டொலர் குடுத்திருக்கினம், அவன் பிறகு அதில ஊருக்கே விருந்து வச்சு பசிச்ச ஆக்களுக்குக் குடுக்கிற வேலைக்கும் காசு விட்டவன். எனக்கு முதல்ல எரிச்சல்தான் வந்தது. பிறகு யோசிச்சா, அதுகள் ரெண்டு பேரும் ஆசைய ஆசை எண்டே சொன்னதுகள். குடுத்தவன் சிரிச்சுக்கொண்டு ஒரு டொலர் குடுத்தான், கேட்டவள் அடுத்த நாள் கடலில குளிச்சா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டான். அம்மா ஆரும் அடுப்படியில இருந்து புகை குடிக்கேல்ல.

மற்றப் பக்கமும் இருக்கு. 2017ல அமெரிக்காவில நியூஜேர்சியில ஒரு சோடி, பிலடெல்பியாவில தெருவில இருந்த ஒரு மனிசன் பெற்றோல் முடிஞ்சு நிண்ட பிள்ளைக்குத் தன்ர கடைசி 20 டொலரக் குடுத்தான் எண்டு ஒரு கதை எழுதி, அவனுக்கு வீடு எடுத்துக் குடுக்க எண்டு கேட்டு, 14,000 பேர் நாலு லட்சம் டொலருக்கு மேல குடுத்துட்டினம். மூண்டு பேரும் சேந்து கட்டின கதை. சோடி அதில ஊர் சுத்தி, கார் வாங்கி, கடைசியில ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போயிட்டினம், குடுத்த ஆக்களுக்குக் காசத் திருப்பிக் குடுத்தது காசு சேத்துக் குடுத்த கோஃபண்ட்மீக் கம்பனி. எங்கட வீட்டுக் கதை அந்தளவு இல்லத்தான். ஆனா வேலை செய்த விதம் அதே விதம்: வேணும் எண்டுறத வேணும் எண்டு சொல்லாம, கேக்கிற ஆளின்ர நெஞ்சு இளகிற மாதிரி ஒரு கதை.

இனி சீட்டப் பத்திச் சொல்ல வேணும், ஏன் எண்டா பெடியன் என்னட்டக் கேட்டதுக்கு நான் சொன்ன பதில் அதுதான்.

என்ர பெரிய சீட்டு 20 பேர், மாசம் 15,000, ஆளுக்கு ஒருக்கா மூண்டு லட்சம். முதல் மாசம் பிடிக்கிற எனக்கு, மிச்சம் குலுக்கல். ஒரு வெறும் மில்க்மெயிட் ரின்னுக்குள்ள துண்டு சுத்திப் போட்டு, வீட்டில நிக்கிற சின்னப் பிள்ளை ஒண்டக் கொண்டு எடுப்பிக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலயே, 1935ல, சீட்டுக்கெண்டு தனியச் சட்டம் போட்டவங்க எண்டா எவ்வளவு பழசு எண்டு பாருங்கோ. இந்தச் சீட்டில உப்புவெளியில ஹொட்டல் ஒண்டில துணி துவைக்கிற ஒரு பிள்ளை இருக்கு. புருசன் விட்டுட்டுப் போயிட்டான், ரெண்டு பிள்ளையள். அவள் ஸ்கூட்டி வாங்க ஆசைப்பட்டவள். 2020 மார்ச்சோட வாகனம் இறக்கிறது நிண்டதால பழைய ஸ்கூட்டியெல்லாம் ஆனை விலை குதிரை விலை. சீட்டின்ர ஒம்பதாம் மாசம் அவளுக்கு விழுந்தது. மூண்டு லட்சம், கையில சேத்தது கொஞ்சம், ஒரு சோடித் தோடு அடகு. சிவப்பு ஸ்கூட்டி. வேலைக்குப் போறது ஹொட்டல் வானில, அது வீட்டுவாசலுக்கு வரும், ஸ்கூட்டி தேவையே இல்ல. பின்னேரம் பிள்ளையள் ரெண்டையும் ஏத்திக்கொண்டு டச்பேப் பக்கம் ஒரு ஓட்டம், திரும்பி உவர்மலைப் பக்கம் ஒரு ஓட்டம், அவ்வளவுதான். தலைமயிர் காத்தில பறக்க.

அவளின்ர கதையில எவ்வளவு துன்பம் இருக்கு. வீடியோ போட்டா அந்தச் சனல்காரன் ரெண்டு பகுதியா எடுப்பான். ஆனா சீட்டில ஒருத்தரும் "உனக்கு என்னத்துக்கு ஸ்கூட்டி" எண்டு கேக்கேல்ல. அவளின்ர புருசன் விட்டுட்டுப் போன கதை அவளிட்டயே இருக்கு, அவள் அத ஒரு இடமும் விக்கேல்ல. உழைச்ச காசில எனக்குப் பெரிசாத் தெரியிறது இதுதான். கஸ்டப்பட்டா அருமை தெரியும் எண்டு பெரிய ஆக்கள் சொல்லுறது சரியோ பிழையோ, கமராவ அவன் அருமையாத்தான் வச்சிருந்தான், துணி சுத்தி அரிசிப் பையோட வைப்பான் ஈரம் பிடிக்காம. அருமை தெரியாம இல்ல. உழைச்சா, ஏன் வேணும் எண்டு சொல்லத் தேவையில்ல. வெறும் ஆசை எண்டாலும் ஆசைதான், ஒருத்தருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்ல. தெரிஞ்ச ஆளிட்டக் கைமாத்து வாங்கினாலும் காசத் திருப்பிக் குடுத்தோடன முடிஞ்சுது. தெரியாத ஆளிட்ட வாங்கினதத் திருப்பிக் குடுக்க வழியில்ல, அதால கதையத்தான் திருப்பித் திருப்பிக் குடுக்க வேண்டிக்கிடக்கு, ராத்திரி பதினொரு மணிக்கும்.

சீட்டெண்டா சொர்க்கம் எண்டு நினைக்க வேணாம். 2022ல சீட்டெடுத்த ஒரு ஆள் கட்டாம நிப்பாட்டிட்டார், எட்டு மாசம் நான் என்ர தையல் காசில கட்டினனான், ஒரு சோடி வளையல் போனது. உழைப்பெண்டு சொல்லி எங்கட பொம்பிளையளக் கிழமை லோனுக்குள்ள தள்ளின காலத்தயும் கண்டனாங்கள், படலையடியில வந்து மோட்டசைக்கிள நிப்பாட்டிக் கத்துவாங்கள், 2018ல வரட்சி அடிச்ச 12 மாவட்டத்துப் பொம்பிளையளுக்கு ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடனத் தள்ளுறம் எண்டு அரசாங்கமே சொல்லுற அளவுக்குப் போனது, அதில திருகோணமலையும் ஒண்டு. அந்தக் கடனில மாட்டி, அதில இருந்து வெளிய வர உதவி கேட்டு வீடியோவில வந்த ஒரு மனிசியில நான் ஒரு பிழையும் காணேல்ல. வழியில்லாத ஆள் கேக்கிறது வேற. எங்கட பெடியனுக்கு வழி இருந்தது, மெதுவான வழி.

என்ன செய்தனாங்கள் எண்டா, முதல்ல மூண்டு பேரும் ஒரு இரவு கொப்பிய விரிச்சு வச்சுக்கொண்டு இருந்தம். கமராவ வித்துக் காசத் திருப்பிக் குடுக்கிறன் எண்டு அவன் நிண்டான். அக்கா மறுத்துட்டா. "வித்தா அவன் திரும்ப லைட் பிடிக்கத்தான் போவான், அதோட நான் இருந்த இருப்பும் வீண்" எண்டா. அவ அதுவரைக்கும் அந்த நாளப் பத்திக் கதைச்ச முதல் வசனம் அது.

அதால அவன் கமராவ வச்சு உழைக்கத் தொடங்கினான். ஆடியிலயும் மார்கழியிலயும் கலியாணம் இல்ல, ஆனா ஆடி எண்டா நிலாவெளியில சீசன், புறாத்தீவுக்குப் போற வெள்ளைக்காரருக்குப் படம் எடுத்துக் குடுத்தான். மழைக்காலம் தொடங்கினா அதுவும் இல்ல, அப்ப பாஸ்போட் படம், பிறந்தநாள். சுவிஸ்காரருக்கு முதல்ல எடுத்து உண்மையச் சொன்னான், குசினி, தகரம், புகை எல்லாம். அந்த ஆள் கன நேரம் பேசாம இருந்துட்டு, "எனக்கு வேணாம், அங்க கஸ்டப்படுற ஒரு பிள்ளைக்குக் கட்டு" எண்டாராம். அதக் கட்டிக்கொண்டு வாறான், ஒரு பிள்ளையின்ர ரியூசன் காசு, மாசாமாசம். அஞ்சு பேர் ஏசிப்போட்டு வச்சவை. ரெண்டு பேருக்குக் காசு திரும்பப் போனது. மலையகத்தில இருந்து வந்த 1,500ன்ர சொந்தக்காரரக் கண்டுபிடிக்க ஏலேல்ல, சிலிப்பில பேர் அரைகுறை, அது என்ர கொப்பியில தனிப் பக்கத்தில இப்பவும் நிக்குது. லண்டன் அம்மாவுக்கு அவன் சொல்லேல்ல. அக்கா தானே சொன்னவ. கதவச் சாத்திப்போட்டுக் கதைச்சவ, என்ன கதைச்சவை எண்டு எங்களுக்குத் தெரியாது, அந்த அம்மா இப்பவும் மாசம் ரெண்டு தரம் எடுக்கிறா.

வீடியோ மட்டும் இன்னும் இருக்கு. கூட்டாளியிட்ட எடுக்கச் சொல்லிக் கேட்டம், கெஞ்சியும் கேட்டம், அதத்தான் சனல்ல ஆகக் கூடின ஆக்கள் பாத்திருக்கினம், எடுத்தா சனல் விழுந்திடும் எண்டுறான். புதுசு புதுசா ஆக்கள் பாத்து "அம்மா அழாதேங்கோ" எண்டு எழுதிக்கொண்டே இருக்கினம். கூரை போட்டு ரெண்டு வருசமாச்சு. அந்த 500 ரூவாத் தாள் சாமித்தட்டில விபூதிக் கொட்டப்பெட்டிக்குக் கீழ கிடக்கு, அக்கா எடுக்கிறதும் இல்ல, உண்டியல்ல போடுறதும் இல்ல.

பெடியன் போன வருசம் என்ர சீட்டில சேந்தவன், 17ஆம் பேர். ஒரு மாசமும் பிந்தேல்ல. போன மாசம் ரின்னுக்குள்ள இருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த துண்டில அவன்ர நம்பர். அடுத்த நாள் பின்னேரம் வந்தான். நான் மூண்டு லட்சத்தையும் கட்டுக் கட்டா மேசையில வச்சன். "எண்ணத் தேவையில்ல சித்தி" எண்டான். "எண்ணு மகன், சீட்டுக் காச எண்ணித்தான் எடுக்க வேணும்" எண்டன். இருந்து எண்ணினான், ரெண்டு தரம் பிழைச்சு மூண்டாம் தரம் சரியா வந்தது. கொப்பியில கையெழுத்துப் போட்டுட்டு, காச சேட்டுக்குள்ள வச்சு, படலையடி மட்டும் போய்த் திரும்பி என்னப் பாத்தான், நான் என்னவோ கேப்பன் எண்டு நினைச்சானோ தெரியாது. நான் கேக்கேல்ல. ஊசியில நூலக் கோத்தன்.